பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாத படம்

எரிக் கூ இயக்கிய '12 ஸ்டோரீஸ்' படத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் குடியிருக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நம்மவர்களிடம் சொன்னால், "சீனப் படமா? யாருப்பா சப்டைட்டில் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா?" என்று நழுவிவிடுகிறார்கள். கொரியத் தொடரை விடிய விடிய சப்டைட்டிலோடு பார்க்கிற அதே ஆட்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1997இல் வந்த படம் இது. கான் திரைப்பட விழாவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம். அது அப்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று சொன்னால் புரியாது. ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா நிறுவனத்தின் ஸ்டூடியோ 1967இல் மூடப்பட்டது. எழுபதுகள் முடிவதற்குள் உள்ளூர்ப் படத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றே போயிருந்தது. (அந்தக் கால மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் எல். கிருஷ்ணன் போல நம் பக்கத்து ஆட்கள் பலர் உண்டு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.) தொண்ணூறுகளில் மறுபடியும் படம் எடுக்க இறங்கிய சிலரில் எரிக் கூ முக்கியமானவர். அவருடைய அப்பா கூ டெக் புவாட் பெரிய வங்கியாளர், ஹோட்டல் அதிபர். ஈசூன்வாசிகள் காய்ச்சல், சுகர் என்று ஓடுகிற மருத்துவமனைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு மூவறை வீட்டின் சங்கடம் என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் படம் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கதை என்று பார்த்தால் ஒரே புளோக், ஏறக்குறைய ஒரே நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஓர் இளைஞன் மாடியிலிருந்து குதித்துச் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு அவனுடைய ஆவி வாய் திறக்காமல் அந்த புளோக்கிலேயே சுற்றுகிறது, வீடுகளுக்குள் போய் நின்று பார்க்கிறது. அதனோடு நாமும் மூன்று வீடுகளுக்குள் நுழைகிறோம். ஒன்றில் சான் சான் என்ற பருமனான, கல்யாணமாகாத பெண்ணும் அவளை ஓயாமல் திட்டித் தீர்க்கும் அம்மாவும். இன்னொன்றில் எத்துப்பல் ஆ கூவும், சீனாவிலிருந்து கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்த மனைவி லில்லியும். மூன்றாவதில் அப்பா அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் தங்கையையும் தம்பியையும் கட்டி மேய்க்கப் பார்க்கும் பள்ளி ஆசிரியர் மெங்.

நடுநடுவே காப்பிக்கடைப் பேச்சு வேறு. யார் செத்தான், எதற்காகச் செத்தான், அவனுக்குக் கடனா காதலா என்று ஆளாளுக்கு ஒரு கதை. நம் புளோக்கிலும் அப்படித்தானே. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் போதும், கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் இறங்கி வருவதற்குள் மூன்று விதமான காரணம் தயாராக இருக்கும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தை மற்ற அடுக்குமாடிக் கதைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு விஷயம்தான். இந்த மூன்று வீட்டுக்காரர்களையும் இயக்குநர் ஒன்று சேர்த்து வைப்பதில்லை. நம் ஊர் சினிமாவில் காலனிக் கதை என்றால் என்ன நடக்கும்? முதல் பாதியில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை, இடைவேளைக்கு முன்னால் ஒரு பண்டிகைப் பாட்டு, கடைசியில் யாருக்காவது ஆபத்து என்றால் மொத்தக் குடியிருப்பும் திரண்டு வந்து நிற்கும், வில்லனே மனம் திருந்தி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கட்டுவான். நம் தொலைக்காட்சித் தொடர்களிலும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டாமலே உள்ளே வந்து குழம்பு ருசி பார்ப்பார். நான் இத்தனை வருடங்களில் எந்த புளோக்கிலும் அப்படி ஓர் ஆன்ட்டியைப் பார்த்ததில்லை. நம் பக்கத்து வீட்டுக்காரருடைய செருப்பு அளவு நமக்குத் தெரியும், அவர் எத்தனை மணிக்கு இருமுவார் என்று தெரியும், அவர் வீட்டில் எந்த நாள் சம்பல் வதக்குகிறார்கள் என்று தெரியும், பெயர் மட்டும் தெரியாது. லிஃப்ட்டில் பார்த்தால் ஒரு தலையாட்டல், "சாப்பிட்டாச்சா" என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, அப்புறம் இரண்டு பேருமே மாடி எண் மாறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த உறவை, உறவே இல்லாத அந்த உறவை, அப்படியே காட்டியிருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி சாக யோசித்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பக்கம் ஒருவன் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஒருவர் கதை இன்னொருவர் கதைக்குள் போய்ச் சேர்வதில்லை. இது திரைக்கதையின் ஓட்டை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் படத்தின் உயிர் என்று படுகிறது. கடைசிக் காட்சியில் மூன்று குடும்பமும் காப்பிக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் நான் இதைப் பற்றி எழுதவே வந்திருக்க மாட்டேன்.

மூன்று கதையில் சான் சான் கதைதான் உச்சம். லூசில்லா தியோ நடித்திருக்கிறார். நடிப்பு என்று தனியாகச் சொல்ல முடியாது, அவர் பெரும்பாலும் பேசுவதே இல்லை. பேச்சு எல்லாம் அம்மாவாக வரும் லோக் யீ லோய் வாயிலிருந்துதான், அதுவும் கேண்டனீஸில். "உன்னை எதற்கு வளர்த்தேன், தின்கிறாய், தூங்குகிறாய், உன்னை யார் கட்டிக்கொள்வான்" என்ற தொனியில் குரல் ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை, குழாயைச் சரியாக மூடாமல் விட்ட மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கிறது. கேமராவும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மா உயிரோடு இல்லை. இதைச் சொன்னதால் உங்களுக்குப் படம் கெட்டுவிடாது, பயப்பட வேண்டாம். செத்த பிறகும் நிற்காத திட்டு என்பதுதான் இந்தக் கதையே.

என் அத்தை ஒருவரோடு சேர்ந்து இந்தப் பகுதியைப் பார்த்தேன். அவருக்குக் கேண்டனீஸும் தெரியாது, சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்கவும் வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளை என்ன பேசுதுன்னு எனக்கு முழுசா புரியுது" என்றார். அதோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அத்தைக்கு வாய்த்த மாமியாரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும்.

ஆ கூ கதை வேறு மாதிரி. ஜாக் நியோ நடித்திருக்கிறார். இப்போது அவரைப் பெரிய இயக்குநராகத் தெரியும், அப்போது அவர் தொலைக்காட்சியில் கிழவி வேடம் கட்டிச் சிரிக்க வைக்கும் நகைச்சுவை நடிகர், லியாங் போ போ என்றால் சீனம் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட அடையாளம் தெரியும். அந்த ஆளை வைத்து இப்படி ஒரு பரிதாபமான கணவனைக் காட்டியது நல்ல தேர்வு. பொய்ப்பல்தான் கொஞ்சம் ஓவர். முதல் பத்து நிமிடம் பல்லைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

ஆ கூ சிங்கப்பூரைப் பற்றிப் பெரிதாக அளந்துவிட்டுத்தான் லில்லியைக் கல்யாணம் பண்ணியிருக்கிறான். வந்து பார்த்தால் புளோக் வீடு, காசு எண்ணி எண்ணிச் செலவு. தொண்ணூறுகளில் சிங்கப்பூர்க் கனவை ஐந்து 'சி'யில் அடக்கிச் சொல்வார்கள்: காசு, கார், கிரெடிட் கார்டு, கொண்டோ, கிளப் உறுப்பியம். காருக்கு சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் எடுக்கிற முறை 1990இல் வந்த பிறகு கார் என்பது கனவிலும் பெரிய கனவு. லில்லி கேட்டு வந்தது இதைத்தான். கிடைத்தது எத்துப்பல்லும் ஈரத்துணி தொங்கும் மூங்கில் கம்பும்.

இதைப் பார்க்கும்போது தமிழர்களுக்குச் சிரிப்பு வந்தாலும் தொண்டையில் கொஞ்சம் நிற்கும், நிற்க வேண்டும். 'சிங்கப்பூர் மாப்பிள்ளை' என்ற ஒரே சொல்லுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் எத்தனை வீட்டில் பெண் கொடுத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வரும்போது கழுத்தில் செயின், கையில் டியூட்டி ஃப்ரீ பை, போனில் மரினா பே பின்னணியில் எடுத்த படம். அந்தப் பெண் சாங்கியில் இறங்கி, வழியெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்து வீட்டுக்குள் நுழைந்தால் மூவறை வீடு. நம் கணக்கில் மூவறை என்றால் படுக்கையறை இரண்டுதான், கூடத்தையும் சேர்த்துத்தான் மூன்று. ஓர் அறையில் மாமனார் மாமியார், சில வீடுகளில் அறையை வாடகைக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் மெத்தை விரித்துப் படுக்கிறவர்களும் உண்டு. அவளுக்குத் தனியாக வேலைக்குப் போகவும் உடனே முடியாது, இங்கே தங்குவதற்கான பாஸுக்குக் கணவன்தான் ஸ்பான்சர். சண்டை போட்டால் "ஊருக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் படத்தின் பெரிய குறையும் தெரிகிறது. லில்லியை ஆ கூ பக்கம் நின்றே எழுதியிருக்கிறார்கள். அவள் பெரும்பாலும் கத்துகிறாள், கேட்கிறாள், முகத்தைத் திருப்புகிறாள். ஏமாந்து வந்தவளுக்கு அந்த வீட்டில் ஒரு பகல் எப்படிப் போகும் என்பதைச் சும்மா தொட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். குவான் யி ஃபெங் தன் முகத்தால் எவ்வளவோ சரிக்கட்டப் பார்க்கிறார். ஆனாலும் சீனாவிலிருந்து வரும் மணப்பெண் என்றால் காசுக்காக வருகிறவள் என்று அந்தக் காலத்துக் காப்பிக்கடை பேசியதைத்தான் படமும் பாதி பேசுகிறது. பொய் சொன்னவன் ஆ கூதான், நாம் பரிதாபப்படுவதும் ஆ கூவுக்காகத்தான். இது எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் மெங். கோ பூன் பின் பிரமாதம். காலையில் உடற்பயிற்சி, மேசையில் ஒழுங்கு, நாட்டுக்கு நல்ல குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்று தம்பி தங்கைக்கு உபதேசம். சொந்தமாக ஒரு வார்த்தை பேச மாட்டார், வாயைத் திறந்தால் அரசாங்க இயக்கச் சுவரொட்டிதான். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாத்திரத்தை விளக்கவே தேவையில்லை. குப்பை போடாதே இயக்கம் 1968இல், இரண்டு பிள்ளை போதும் என்றது 1972இல், மாண்டரின் பேசுங்கள் என்றதும் பணிவன்பு இயக்கமும் 1979இல், அப்புறம் 1987இல் திரும்பி வந்து வசதியிருந்தால் மூன்றுகூடப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. லிஃப்ட் வாசலில் நான்கு மொழியில் ஒட்டியிருப்பார்கள், நான்காவதாகத் தமிழும் இருக்கும், சில நேரம் கொம்பு இடம் மாறி. இவ்வளவு சுவரொட்டியையும் ஒரு மனிதன் அப்படியே விழுங்கிவிட்டு வீட்டில் அண்ணனாக நடமாடினால் எப்படி இருப்பான் என்பதுதான் மெங். லம் மே யீ நடித்த தங்கை டிரிக்ஸி மீது அவனுக்கு இருக்கிற அக்கறை மெல்ல மெல்ல வேறு எதுவோவாக மாறுவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. முடிவு கொஞ்சம் அவசரமாக வருகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அவ்வளவு நேரம் பொறுமையாகக் கட்டிய ஆளைக் கடைசியில் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

நம் வீட்டு அண்ணன்கள் இதில் வரவில்லை என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். தங்கையின் போனை எடுத்துப் பார்ப்பது, யாரோடு எம்ஆர்டி நிலையத்தில் நின்றாள் என்று விசாரிப்பது, "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்பது, இதெல்லாம் எந்த மொழி வீட்டில் இல்லை?

மொழி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் மாண்டரின், ஹொக்கியன், கேண்டனீஸ், சிங்லிஷ் எல்லாம் கலந்து வருகிறது. வட்டார மொழிகளைத் தொலைக்காட்சியில் கேட்பதே அரிதாகிப் போன காலத்தில், வீட்டில் உண்மையிலேயே பேசுகிற மாதிரி பேச விட்டது பெரிய காரியம். மெங் வீட்டில் ஆங்கிலம், ஆ கூ வீட்டில் சீனம், சான் சான் அம்மாவுக்குக் கேண்டனீஸ் என்று வீட்டுக்கு வீடு மொழி மாறுவதிலேயே யார் எவ்வளவு படித்தவர், எந்தத் தலைமுறை என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, தமிழ் எங்கே? மூன்று குடும்பமும் சீனக் குடும்பம்தான். 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்த பிறகு ஒவ்வொரு புளோக்கிலும் இன்னின்ன இனத்தவர் இவ்வளவு விகிதம் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஆக, படம் வந்த காலத்தில் இப்படி ஒரு பன்னிரண்டு மாடி புளோக்கில் மாவிலைத் தோரணம் கட்டிய கதவு ஒன்றாவது இருந்திருக்கும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை நடைபாதை முழுவதும் போயிருக்கும், பக்கத்து வீட்டு ஊதுபத்தியோடு அது கலந்திருக்கும். கேமரா அந்தக் கதவுக்குள் போகவில்லை. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வீட்டுக்குள் போய் ஒழுங்காகக் காட்டுவது, தெரியாத வீட்டுக்குள் போய் ஒரு இந்திய அங்கிளைத் தலையாட்ட வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். கோட்டாவுக்காக ஒரு தமிழ்ப் பாத்திரத்தை ஓரத்தில் நிற்க வைக்கிற படங்களை நாம் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

இன்னும் சொல்லப்போனால், இதே எரிக் கூதான் 2008இல் 'மை மேஜிக்' எடுத்தார். அது தமிழ்ப் படம். குடிகார மந்திரவாதி அப்பா, அவர் மகன், அவ்வளவுதான் கதை. நிஜ வாழ்க்கையிலும் மந்திரவாதியான போஸ்கோ ஃபிரான்சிஸ் அப்பாவாக நடித்தார், அந்த உடம்பில் படுகிற காயமெல்லாம் பார்க்கிறவர்களுக்கும் வலிக்கும். கான் விழாவின் பிரதானப் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான். சிங்கப்பூரிலிருந்து முதன்முதலில் அந்த மேடைக்குப் போனது தமிழ் பேசுகிற படம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தீபாவளிக்கு வருகிற சென்னைப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிற நமக்கு, இது மட்டும் காதில் விழாமல் போய்விட்டது.

'12 ஸ்டோரீஸ்' பக்கம் திரும்பினால், குறைகள் இன்னும் சில உண்டு. ஆவி வருகிற காட்சிகள் முதலில் நன்றாக இருக்கின்றன, போகப்போக அவன் சும்மா நிற்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. காப்பிக்கடை அரட்டையில் சில இடங்களில் கத்தரி போட்டிருக்கலாம். பாட்டு, வேகம், திருப்பம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே போனைக் கையில் எடுத்துவிடுவீர்கள். மூன்று கதையும் ஒரே எடையில் இல்லை. என் கணக்கில் சான் சானுக்கு ஐந்துக்கு ஐந்து, மெங்குக்கு நான்கு, ஆ கூவுக்கு மூன்று. மொத்தத்தில் நான்கு கொடுத்துவிடலாம்.

பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. தற்கொலை வருகிறது, கெட்ட வார்த்தைகள் வருகின்றன, அண்ணன் தங்கை விஷயம் வேறு. மனசு சரியில்லாத நாளில் தனியாகப் போட்டு உட்கார வேண்டாம், யாரையாவது கூட வைத்துக்கொண்டு பாருங்கள். உண்மையிலேயே மனசு பாரமாக இருந்தால் படத்தைத் தள்ளி வையுங்கள், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் உதவி எண் 1767, எந்த நேரமும் எடுப்பார்கள்.

பார்ப்பதென்றால் இரண்டு படத்தையும் சேர்த்தே பாருங்கள், முதலில் '12 ஸ்டோரீஸ்', அடுத்த வாரம் 'மை மேஜிக்'. முதல் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கிற பிரதியா என்று பார்த்து எடுங்கள், இல்லையென்றால் சான் சான் வீட்டுப் பகுதியைத் தவிர மற்றதில் பாதி கைநழுவிப் போகும். இரண்டாவதற்கு அந்தக் கவலை இல்லை, தமிழ்தான். அத்தையை இரண்டாவது படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். முதல் படத்து அம்மா அதில் வராது என்று சத்தியம் செய்த பிறகுதான் சரி என்றார்.